கிட் ஸ்டேட்டஸ் எல்லா ஃபைலும் மாறிடுச்சுங்குது, நான் தொட்டது ரெண்டுதான்

மருதாணி | செவ்வாய், இரவு 9:12

நான் புரோகிராமர் இல்லைங்க, மெய்ப்புத் திருத்துற ஆள். பழைய சிறுபத்திரிகைக் கட்டுரைகளைத் தட்டச்சு பண்ணி ஒரு கிட் ரெப்போவுல, அதாவது யார் எதை மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிற மென்பொருளோட பொதுக் கிடங்குல, சேர்த்துட்டு வர்றோம். நாலஞ்சு பேர் இருக்கோம். எனக்கு விண்டோஸ், ஒருத்தர்கிட்ட பழைய மேக், மத்தவங்க உபுண்டு.

இன்னைக்குச் சாயங்காலம் புல் பண்ணிட்டு (மத்தவங்க அனுப்பினதை இறக்கிட்டு) ரெண்டே ரெண்டு கட்டுரை திருத்தினேன். கமிட் பண்றதுக்கு (திருத்தத்தைப் பதிவு பண்றதுக்கு) முன்னாடி, என்ன மாறியிருக்குன்னு காட்டற கிட் ஸ்டேட்டஸ் போட்டா, திரை கொள்ளாம சிவப்பா வந்து விழுது. ரெப்போவுல இருக்கிற அத்தனை கட்டுரையும் 'மாடிஃபைடு'ங்குது. நான் திறந்துகூடப் பார்க்காததெல்லாம் அதுல இருக்கு. சரி, சோதிச்சுப் பார்ப்போம்னு அதுல ஒரே ஒரு ஃபைலுக்கு, பழையபடி ஆக்குற கிட் ரீஸ்டோர் போட்டேன். பிழைன்னு எதுவும் சொல்லல. மறுபடி ஸ்டேட்டஸ் போட்டா அதே ஃபைல் அதே இடத்துல நிக்குது.

இன்னொரு கூத்தும் இருக்கு. நான் நிஜமாவே திருத்தின ஒரு ஃபைல் பச்சையிலயும் வருது, சிவப்பிலயும் வருது. பேரையாவது படிக்க முடியுதான்னா அதுவும் இல்ல, இப்படித்தான் வருது:

"\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215-3.டிஎக்ஸ்டி"

நாளைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணும். என்ன பண்ணட்டும்?

சுண்டல்பொட்டலம் | 9:20

அக்கா, எல்லாத்தையும் கடைசி கமிட்டுக்கே திருப்புற கிட் ரீசெட் --ஹார்டு ஒரு தட்டு தட்டுங்க. எல்லாம் பளிச்சுன்னு ஆயிடும். நான் வாரத்துக்கு ரெண்டு தடவை போடுவேன் 😄

கிளைமரம் | 9:27

மருதாணி, மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் அதனால் இரண்டு விளைவுகள். நீங்கள் திருத்திய இரண்டு கட்டுரைகளும் போய்விடும். திருத்தாத மற்றவை 'மாடிஃபைடு' என்றே மறுபடி வந்து நிற்கும், ரீஸ்டோர் போட்டபோது நின்றது போலவே.

சுண்டல் தம்பி, கிட் ஆட் செய்யாத, அதாவது கமிட்டுக்கென்று எடுத்து வைக்காத மாற்றத்தை ரீசெட் --ஹார்டு அழித்துவிட்டால் அதைக் கிட்டிடம் திரும்பக் கேட்க முடியாது. ஒருபோதும் ஆட் செய்யாத எழுத்து கிட்டின் கிடங்குக்குள் போயே இருக்காது. ஆட் செய்ததாவது அனாதைப் பொருளாக உள்ளே கிடக்கும், கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்டு போட்டுத் தோண்டி எடுக்கலாம். மெய்ப்புத் திருத்துபவரின் மூன்று மணி நேர உழைப்பு முதல் வகையில்தான் இருக்கும்.

முதலில் திருத்திய இரண்டு கோப்புகளையும் ரெப்போவுக்கு வெளியே, டெஸ்க்டாப்பில் ஒரு நகல் வையுங்கள். பிறகு நிதானமாகப் பார்ப்போம். ஒவ்வொரு கோப்பின் வரி முடிவையும் காட்டும் இந்தக் கட்டளையின் வெளியீட்டையும் இங்கே ஒட்டுங்கள், நாலு வரி போதும்:

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்

நள்ளிரவு_டெர்மினல் | 9:41

கிளைமரம் சார் நோயைப் பார்க்கட்டும். பச்சை, சிவப்பு ரெண்டுலயும் ஒரே ஃபைல் வர்றதை நான் சொல்றேன், ஏன்னா ஸ்டேட்டஸே அதுலதான் அடங்கியிருக்கு.

கிட்டுக்கு ஒரு ஃபைலோட மூணு பிரதி தெரியும். கடைசி கமிட்டுல இருக்கிறது ஒண்ணு. இண்டெக்ஸ்ல, அதாவது ஆட் போட்டது போய்ச் சேர்ற ஸ்டேஜ்ல இருக்கிறது ரெண்டாவது. உங்க ஃபோல்டர்ல நீங்க திறந்து எழுதுறது மூணாவது. ஸ்டேட்டஸ் ரெண்டு ஒப்பீடு பண்ணுது: கமிட்டும் ஸ்டேஜும் வேறயா? ஆமான்னா பச்சை. ஸ்டேஜும் ஃபோல்டரும் வேறயா? ஆமான்னா சிவப்பு. நீங்க திருத்தி, ஆட் போட்டு, அப்புறம் ஒரு ஒற்றுப்பிழை கண்ணுல பட்டு மறுபடி திருத்தி சேவ் பண்ணியிருப்பீங்க. ஆட் போட்ட நொடியில ஃபைல் எப்படி இருந்துச்சோ அதுதான் ஸ்டேஜ்ல இருக்கு. அதுக்கப்புறம் திருத்தினது வெளியில இருக்கு. இப்ப கமிட் பண்ணா அந்தக் கடைசி ஒற்று போகாது.

கிட் ஸ்டேட்டஸ் --ஷார்ட் போட்டா இது ரெண்டு எழுத்துல வரும். முதல் எழுத்து பச்சைப் பக்கம், ரெண்டாவது சிவப்புப் பக்கம். வெற்றிடத்துக்குப் புள்ளி வச்சுக் காட்டறேன்:

எம். முன்னுரை (ஸ்டேஜ்ல மாறியிருக்கு, அதுக்கப்புறம் தொடல)
.எம் பின்னுரை (ஃபோல்டர்ல மாறியிருக்கு, ஆட் போடல)
எம்எம் மூன்றாம் கட்டுரை (உங்க கதை)
ஏஎம் புதுக் கட்டுரை (ஆட் பண்ண பிறகு மறுபடி திருத்தினது)
?? குறிப்புகள்/ (கிட்டுக்குத் தெரியாதது)
யுயு தலையங்கம் (ரெண்டு பேர் வேலையை ஒண்ணாக்குற மெர்ஜ்ல ரெண்டு பேரும் மாத்தி முட்டிக்கிட்டது)

அந்த முதல் இடத்து வெற்றிடத்தைக் கவனிக்காம 'எம்'மை மட்டும் பார்த்துட்டு கமிட் பண்றவங்கதான் அதிகம். சிவப்பு எம் எத்தனை இருந்தாலும் வெறும் கிட் கமிட்ல ஒண்ணுகூடப் போகாது.

என்ன மாறிச்சுன்னு உள்ளே பார்க்கணும்னா, சிவப்புக்கு கிட் டிஃப், பச்சைக்கு கிட் டிஃப் --ஸ்டேஜ்டு. ரெண்டும் சேர்த்துக் கடைசி கமிட்டோட ஒப்பிட கிட் டிஃப் ஹெட்.

யாழ்முற்றம் | 9:58

நான் கனகாலம் கிட் மாதிரியே இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷன் (எஸ்விஎன்) பாவிச்ச ஆள். அதிலை இந்த ஸ்டேஜ் எண்ட சங்கதியே இல்லை. எஸ்விஎன் ஸ்டேட்டஸ் அடிச்சா முதல் இடத்திலை ஒரு எழுத்து: எம் எண்டா மாறினது, கேள்விக்குறி எண்டா தெரியாதது, ஆச்சரியக்குறி எண்டா காணாமல் போனது. எஸ்விஎன் டிலீட் போடாமல் நீங்களே கோப்பை அழிச்சால் அந்த ஆச்சரியக்குறி வந்து முறைக்கும். கிட்டுக்கு மாறின புதுசிலை இந்த இரட்டை எழுத்து எனக்கும் வில்லங்கமாத்தான் இருந்தது. பழகினாப் பிறகு பாதியை மட்டும் ஸ்டேஜ் பண்ணி அனுப்புற வசதியை விட மனம் வரேல்லை.

அதுக்கும் முந்தின சிவிஎஸ் இன்னும் மோசம். அதின்ரை ஸ்டேட்டஸ் ஒரு கோப்புக்கு ஒரு பந்தி கொட்டும். ஆரும் அதை வாசிக்கிறதில்லை. சிவிஎஸ் -என் அப்டேட் எண்டு 'ஒண்டும் செய்யாதை, செய்தால் என்ன நடக்கும் எண்டு மட்டும் சொல்லு' எண்டு கேட்டுத்தான் எழுத்துகளைப் பாப்பம். சேர்வர் எட்டாட்டி அதுவும் இல்லை.

மருதாணி | 10:15

நகல் எடுத்து வச்சுட்டேன். எம்எம் விளக்கத்துக்கு ரொம்ப நன்றி நள்ளிரவு, அப்படியேதான் நடந்துச்சு. சந்திப்பிழை ஒண்ணு.

கிளைமரம் சார், கேட்டது இதோ. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு:

ஐ/சிஆர்எல்எஃப் டபிள்யு/சிஆர்எல்எஃப் ஏட்ர்/டெக்ஸ்ட்

கீழ கீழ இதே வரிதான், ஃபைல் பேர் மட்டும் மாறுது.

கிளைமரம் | 10:34

நினைத்தது சரி. எந்தக் கோப்பை எப்படிக் கையாள்வது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றை ரெப்போவில் அண்மையில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அதில் 'எல்லா டிஎக்ஸ்டி கோப்பும் டெக்ஸ்ட்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நீங்கள் புல் செய்தபோது அது வந்திருக்கிறது.

விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு எழுத்து வைக்கும், சிஆர் ஒன்று எல்எஃப் ஒன்று. லினக்ஸும் இன்றைய மேக்கும் எல்எஃப் மட்டும் வைக்கும். உங்கள் கட்டுரைகள் ஆரம்பத்திலேயே விண்டோஸ் முடிவோடு ரெப்போவுக்குள் போய்விட்டன. வெளியீட்டில் 'ஐ' என்று தொடங்குவது இண்டெக்ஸில் உள்ள நிலை, 'டபிள்யு' ஃபோல்டரில் உள்ள நிலை. இரண்டும் சிஆர்எல்எஃப். இதுவரை யாருக்கும் தொந்தரவு இல்லை.

'டெக்ஸ்ட்' என்று அந்தப் புதிய வரி சொன்னதும் விதி மாறிவிட்டது. டெக்ஸ்ட் என்றால் ரெப்போவுக்குள் எல்எஃப் மட்டுமே இருக்க வேண்டும். ஸ்டேட்டஸ் ஒவ்வொரு கோப்பையும் 'இதை இப்போது ஆட் செய்தால் உள்ளே எப்படிப் போகும்?' என்று பார்க்கிறது. எல்எஃப்-ஆகப் போகும். உள்ளே இருப்பதோ சிஆர்எல்எஃப். ஆகவே மாறியிருக்கிறது என்கிறது. ரீஸ்டோர் போட்டால் உள்ளே இருக்கும் சிஆர்எல்எஃப் பிரதியைத்தான் எடுத்து வெளியே வைக்கும். மறுபடி அதே கேள்வி, அதே பதில். ஹார்டு ரீசெட்டும் தோற்பது இதனால்தான். ஸ்டேட்டஸ் பொய் சொல்லவில்லை, உங்கள் கையால் மாறியது எது என்று அது சொல்வதும் இல்லை.

அந்த வரி 'டெக்ஸ்ட்=ஆட்டோ' என்று இருந்திருந்தால் இவ்வளவு கலவரம் வந்திருக்காது. இப்போதைய கிட், ஆட்டோ என்று சொன்னால், ஏற்கெனவே சிஆர்எல்எஃப்-ஆக உள்ளே போன கோப்பைத் தானாக மாற்ற முயல்வதில்லை.

உண்மையில் நீங்கள் திருத்தியதை மட்டும் பார்க்க:

கிட் டிஃப் ஹெட் --இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல்

இரண்டு கட்டுரைகள் மட்டும் வந்தால் என் ஊகம் உறுதி.

மருதாணி | 10:41

ரெண்டே ரெண்டு!! அந்த சந்திப்பிழை உள்பட வரி வரியா வந்துடுச்சு.

சுண்டல்பொட்டலம் | 10:44

அப்ப இன்னைக்கு ராத்திரிக்கு கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --அஸ்யூம்-அன்சேஞ்சுடு போட்டு அந்த மத்த ஃபைலையெல்லாம் மறைச்சுட்டு, ரெண்டை மட்டும் அனுப்பிடலாம்ல? எங்க ஆபீஸ்ல கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலுக்கு எல்லாரும் இதான் பண்றோம்.

கிளைமரம் | 10:58

தம்பி, மறைக்கலாம். மறைத்தது யாருக்கு நினைவிருக்கும்? அடுத்த மாதம் வேறொருவர் அதே கோப்பை மாற்றிப் புஷ் செய்வார், அதாவது சேர்வருக்கு அனுப்புவார். இவர் புல் செய்யும்போது 'உங்கள் மாற்றம் அழிந்துவிடும்' என்று கிட் மறுக்கும். ஸ்டேட்டஸ் போட்டால் சுத்தம் என்று வரும். அந்த முரண்பாட்டில் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

அஸ்யூம்-அன்சேஞ்சுடு என்பது மெதுவான கோப்பு அமைப்பில் 'இதைச் சோதிக்க வேண்டாம், மாற்ற மாட்டேன்' என்று நீங்கள் கிட்டுக்குக் கொடுக்கும் வாக்கு. ஸ்கிப்-வொர்க்ட்ரீ என்பது ரெப்போவின் ஒரு பகுதியை மட்டும் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும் ஸ்பார்ஸ் செக்அவுட்டுக்காக வந்தது. உள்ளூர் கான்ஃபிக் மாற்றத்தை ஒளித்து வைக்க இரண்டுமே ஏற்றவையல்ல, கிட் ஆவணமே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் ஆபீஸில் யார் யார் எதை மறைத்திருக்கிறார்கள் என்று பார்க்க கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -வி போடச் சொல்லுங்கள். வரியின் தொடக்கத்தில் சிறிய எழுத்து இருந்தால் அஸ்யூம்-அன்சேஞ்சுடு, பெரிய எஸ் இருந்தால் ஸ்கிப்-வொர்க்ட்ரீ.

எந்தக் கோப்பைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லும் கிட்இக்னோரும் இதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பாய். ஏற்கெனவே டிராக் செய்யப்படும், அதாவது கிட் கண்காணிக்கும் கோப்பை அது தொடாது.

மருதாணி, உங்களுக்கான வழி. திருத்திய இரண்டின் நகல் வெளியே இருக்கிறது. ரெப்போவில் அந்த இரண்டையும் மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோங்கள்: கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு --வொர்க்ட்ரீ, பிறகு கோப்பின் பெயர். அவையும் 'மாடிஃபைடு' பட்டியலில் தொடரும், பதற வேண்டாம். பிறகு எல்லாக் கோப்பின் வரி முடிவையும் புதிய விதிப்படி ஸ்டேஜில் வைக்கும் கட்டளை:

கிட் ஆட் --ரீநார்மலைஸ் .

கடைசியில் உள்ள புள்ளியை விட்டுவிடாதீர்கள். இப்போது ஸ்டேட்டஸ் முழுவதும் பச்சையாகும். வரி முடிவு மாற்றம் மட்டும் என்று செய்தி எழுதி ஒரு கமிட் போடுங்கள். பிறகு நகல்களைத் திரும்ப உள்ளே வைத்து, அவற்றைத் தனி கமிட்டாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே கமிட்டில் கலந்தால் உங்கள் ஒற்றுத் திருத்தத்தை ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் இன்று இரவே புஷ் செய்ய வேண்டாம். குழுவில் மற்றவர்கள் கையில் அனுப்பாத திருத்தங்கள் இருந்தால், உங்கள் கமிட்டோடு மெர்ஜ் செய்யும்போது முழுக் கோப்பும் மோதும். முதலில் எல்லாரும் தங்கள் வேலையைப் புஷ் செய்யட்டும், நீங்கள் அதையெல்லாம் புல் செய்துவிட்டு இந்தச் சீரமைப்பைப் போடுங்கள். இந்த வேலையை ஒருவர் மட்டும் செய்தால் போதும்.

மருதாணி | புதன், காலை 7:50

எல்லாருக்கும் வாட்ஸாப்ல சொல்லிட்டேன். ஒருத்தர் நேத்தே புஷ் பண்ணிட்டேன்னார். ஆனா எனக்கு ஸ்டேட்டஸ்ல 'உங்கள் கிளை ஆரிஜின்/மெயினோடு அப் டு டேட்'னுதான் வருது. அவர் பொய் சொல்றாரா, கிட் பொய் சொல்லுதா?

நள்ளிரவு_டெர்மினல் | 8:05

ரெண்டு பேரும் இல்லைங்க. ஸ்டேட்டஸ் நெட்டுக்கே போகாது. ஆரிஜின்/மெயின்னு அது சொல்றது சேர்வர்ல இப்ப இருக்கிறது கிடையாது. நீங்க கடைசியா ஃபெட்ச் (சேர்வர்ல புதுசா இருக்கிறதைக் கேட்டு வாங்குறது) அல்லது புல் பண்ணப்ப சேர்வர்ல என்ன இருந்துச்சோ, அதோட நினைவு. கிட் ஃபெட்ச் போட்டுட்டு ஸ்டேட்டஸ் போடுங்க, 'பிஹைண்டு'ன்னு, அதாவது பின்தங்கியிருக்குன்னு மாறும். ஃபெட்ச் உங்க ஃபைல் எதையும் தொடாது, தைரியமாப் போடலாம்.

யாழ்முற்றம் | 8:20

சப்வெர்ஷனும் வெறும் ஸ்டேட்டஸுக்கு வலையைத் தொடாது. அதுக்கு எஸ்விஎன் ஸ்டேட்டஸ் -யு எண்டு கேக்க வேணும், கேட்டால் சேர்வரிலை புதுசு இருக்கிற கோப்புக்குப் பக்கத்திலை ஒரு நட்சத்திரம் போடும். கிட்டிலையும் அப்பிடி ஒரு கொடி இருந்திருக்கலாம் எண்டு இண்டைக்கும் நினைக்கிறன்.

சுண்டல்பொட்டலம் | 8:31

ஒரு டவுட்டு. நெட்டுக்கும் போகல, ஆனா எங்க ப்ராஜெக்ட்ல பல்லாயிரம் ஃபைல் இருக்கு, ஸ்டேட்டஸ் கண்ணிமைக்கிற நேரத்துல வருது. அத்தனையையும் திறந்து படிக்குதா என்ன?

நள்ளிரவு_டெர்மினல் | 8:52

படிக்கிறதில்ல. வாசல்ல கிடக்கிற செருப்பைப் பார்த்தே வீட்டுல யார் இருக்காங்கன்னு சொல்ற மாதிரிதான். ஒவ்வொரு ஃபைலோட அளவு, மாறின நேரம், ஐநோடு எண் (டிஸ்க்குல அந்த ஃபைலோட அடையாள எண்), இப்படிச் சில விவரங்களை இண்டெக்ஸ்ல குறிச்சு வச்சிருக்கும். ஸ்டேட்டஸ் போட்டதும் இயங்குதளத்துக்கிட்ட ஃபைலோட விவரத்தை மட்டும் கேட்கும். குறிப்போட ஒத்துப்போனா உள்ளே எட்டிப் பார்க்கிறதில்ல. ஒத்துப்போகலைன்னாதான் படிக்கும். படிச்சுப் பார்த்து ஒண்ணும் மாறலைன்னா புது நேரத்தை இண்டெக்ஸ்ல குறிச்சு வச்சுக்கும்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதையும் அடைச்சிருக்காங்க. இண்டெக்ஸ் எழுதின அதே நொடியில, அளவு மாறாம ஒரு ஃபைலை மாத்தினா நேரமும் அளவும் அப்படியே இருக்கும், ஏமாந்துடலாம். அதனால ஃபைலோட நேரம் இண்டெக்ஸோட நேரத்துக்குச் சமமாவோ பிந்தியோ இருந்தா கிட் குறிப்பை நம்பாம உள்ளடக்கத்தையே ஒப்பிடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்காக கிட்டை எழுத ஆரம்பிச்சவர். கெர்னல் மாதிரி பெரிய மரத்துல ஒவ்வொரு ஃபைலையும் படிச்சுட்டிருந்தா வேலைக்கு ஆகாது.

ஸ்டேட்டஸ் மெதுவாச்சுன்னா பெரும்பாலும் காரணம் டிராக் பண்ணாத ஃபைல் தேடறதுதான், ஏன்னா அதுக்கு ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து பார்த்தே ஆகணும். அந்தத் தேடல் ரெண்டு நொடிக்கு மேல போனா கிட்டே '-யுனோ போட்டுப் பாருங்க'ன்னு ஆலோசனை சொல்லும். வேகம் கிடைக்கும், ஆனா புதுசா உருவாக்கி ஆட் பண்ண மறந்த ஃபைல் கண்ணுல படாது. அதைவிட, போன தடவை தேடினதை நினைவுல வச்சுக்கிற கோர்.அன்ட்ராக்டுகேச் அமைப்பு நல்லது. எந்த ஃபைல் மாறுதுன்னு கவனிச்சுட்டே இருக்கிற கோர்.எஃப்எஸ்மானிட்டர், விண்டோஸ், மேக்ல கிட் 2.37லேர்ந்து உள்ளேயே வருது.

மருதாணி | இரவு 8:30

புல் பண்ணி, ரீநார்மலைஸ் போட்டு, தனித்தனியா ரெண்டு கமிட், புஷ்ஷும் ஆச்சு. சிவப்பு எல்லாம் போயிடுச்சு. கிளைமரம் சாருக்குப் பெரிய கும்பிடு.

பேரெல்லாம் எண்ணா வர்றது மட்டும் பாக்கி. அதோட புதுசா ஒண்ணு: ஒரே ஒரு ஃபைல் கேள்விக்குறியோட வருது. மேக் வச்சிருக்கிறவர் முன்ன ஒரு ஸிப் அனுப்பியிருந்தார், அதை இன்னைக்குப் பிரிச்சேன். ஏற்கெனவே இருக்கிற கட்டுரைதான், 'கொ'வில ஆரம்பிக்கிற தலைப்பு. ஃபோல்டர்ல பார்த்தா ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கு! விண்டோஸ் இதை எப்படி விட்டுச்சு?

சுண்டல்பொட்டலம் | 8:37

எண் பிரச்சினை எனக்குத் தெரியும் அக்கா (இந்தத் தடவை நிஜமாவே 😅). கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ். அவ்ளோதான், தமிழ்ல வந்துடும்.

கிளைமரம் | 8:55

சரியாகச் சொன்னாய். அந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு பைட், எட்டின் அடிமான எண்ணில். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 340 256 244 என்பது 'த'. 340 256 256 'ம', 340 256 277 இகரக் கொக்கி, 340 256 264 'ழ', 340 257 215 புள்ளி. மருதாணி முதலில் ஒட்டிய பெயர் 'தமிழ்-3'.

ஆனால் அந்தக் 'கொ' கோப்பைத் தீர்க்கும்வரை எண்ணாகக் காட்டுவதை அணைக்காதீர்கள். அணைத்தால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், எண்ணில்தான் வேறுபாடு வெளிப்படும். கிட் எல்எஸ்-ஃபைல்ஸில் அந்தப் பெயரையும், ஸ்டேட்டஸில் கேள்விக்குறி உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மருதாணி | 9:10

முதல் 340 256 225 ரெண்டுலயும் ஒண்ணு. அதுக்கப்புறம்:

டிராக் ஆகிறது: \340\257\212
கேள்விக்குறி: \340\257\206\340\256\276

யாழ்முற்றம் | 9:24

பிடிபட்டுது. நானும் மேக் ஆள்தான், இதிலை அடிபட்ட அனுபவம் உண்டு. யுனிகோடிலை ஒகரக் குறி தனியா ஒரு குறியாவும் இருக்கு, ஒற்றைக் கொம்பும் காலும் எண்டு ரெண்டு குறியாப் பிரிச்சும் எழுதலாம். திரையிலை ரெண்டும் ஒண்டுதான். ஓகாரமும் ஔகாரமும் இப்பிடித்தான். பழைய மேக்கின்ரை கோப்பு அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் பேரை எப்பவும் பிரிச்சுத்தான் சேமிக்கும். அங்கை இருந்து ஸிப் போட்டால் பிரிஞ்ச பேரோடைதான் வரும். விண்டோஸும் லினக்ஸும் இந்த ரெண்டு வடிவத்தையும் வேறை வேறை பேராத்தான் எடுக்கும், அதாலை ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை குந்தி இருக்குது.

மேக்கிலை கிட் பாவிக்கிறவை கோர்.ப்ரீகம்போஸ்யுனிகோடு ட்ரூ எண்டு இருக்கோ பாக்க வேணும். இருந்தால் கிட் பேரைச் சேர்த்து எழுதிப்போட்டுத்தான் ஒப்பிடும். அவரை இனி ஸிப் அனுப்பாமல் புஷ் பண்ணச் சொல்லுங்கோ தங்கச்சி. ரெண்டு கோப்பின்ரை உள்ளடக்கமும் ஒண்டுதானோ எண்டு பாத்திட்டு, கேள்விக்குறிக் கோப்பை அழிச்சு விடலாம்.

மருதாணி | 9:40

உள்ளே ஒரே வித்தியாசம், அவரோடதுல ஒரு அடிக்குறிப்பு கூடுதலா இருந்துச்சு. அதை எடுத்து டிராக் ஆகிற ஃபைல்ல சேர்த்துட்டு மத்ததை அழிச்சுட்டேன். ஸ்டேட்டஸ் காலி!

கடைசியா ஒண்ணு. எங்க உபுண்டு தம்பி ஒரு ஸ்கிரிப்ட் வச்சிருக்கான். ரெப்போ சுத்தமா இருந்தாத்தான் அது மின்னூல் தயாரிக்கும். ஸ்டேட்டஸ் வெளியீட்டுல 'வொர்க்கிங் டைரக்டரி கிளீன்'ங்கிற வாசகத்தைத் தேடுமாம். இப்ப எதுவும் தயாரிக்க மாட்டேங்குது.

நள்ளிரவு_டெர்மினல் | 10:02

அந்த வாசகம் 2016லயே 'வொர்க்கிங் ட்ரீ கிளீன்'னு மாறிடுச்சு. அன்னைக்கு இந்த மாதிரி ஸ்கிரிப்ட் நிறைய உடைஞ்சது. மனுஷங்க படிக்கிற வெளியீடு எப்ப வேணா மாறும், கணினியோட மொழி அமைப்பைப் பொறுத்தும் மாறும். ஸ்கிரிப்ட்டுக்குன்னே கிட் ஸ்டேட்டஸ் --போர்சிலைன் இருக்கு. நிறம், மொழி அமைப்பு எதுவும் அதை மாத்தாது, பதிப்புக்குப் பதிப்பு வடிவம் மாறாதுன்னு உறுதி கொடுத்திருக்காங்க. அது ஒண்ணும் அச்சடிக்கலைன்னா சுத்தம். வாசகம் எதையும் தேட வேண்டியதில்ல.

சுத்தமா இருக்கான்னு பார்க்க சில பேர் கிட் டிஃப்-இண்டெக்ஸ் --கொயட் ஹெட் போடுவாங்க. அது இண்டெக்ஸ் குறிப்பைப் புதுப்பிக்காம பதில் சொல்லும். ரெப்போவை அப்படியே வேற இடத்துக்கு நகலெடுத்து ஓட்டினா ஐநோடு எண்ணெல்லாம் மாறியிருக்கும், ஒண்ணும் மாறாமலே 'அழுக்கு'ங்கும். அதைத்தான் வைக்கணும்னா முன்னாடி கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --ரீஃப்ரெஷ் ஓட்டச் சொல்லுங்க.

ஸ்கிரிப்ட் பின்னணியில அடிக்கடி ஓடுதுன்னா இன்னொண்ணு. ஸ்டேட்டஸ் அந்தப் புதுக் குறிப்பை எழுதறதுக்காக இண்டெக்ஸைப் பூட்டும். அதே நேரம் நீங்க கமிட் போட்டா 'இண்டெக்ஸ்.லாக் இருக்கு'ன்னு முட்டும். கிட் --நோ-ஆப்ஷனல்-லாக்ஸ் ஸ்டேட்டஸ்னு ஓட்டினா பூட்டாது.

மருதாணி | 10:15

போர்சிலைன் போட்டுட்டானாம், ஓடுது. ஆனா மாறின ஃபைல் பேரைப் பட்டியல் எடுக்கிற இடத்துல தமிழ்ப் பேர் மறுபடி எண்ணாத்தான் வருதாம்.

நள்ளிரவு_டெர்மினல் | 10:22

கூடவே -இசட் சேர்க்கச் சொல்லுங்க. பேர் மேற்கோள் இல்லாம, எண் இல்லாம அப்படியே வரும், ஒவ்வொரு பதிவும் வரி முடிவுக்குப் பதிலா பூஜ்ய பைட்டோட முடியும். பேர்ல இடைவெளி இருந்தாலும் கவலை இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனிக்கணும்: பேர் மாத்தின ஃபைலுக்கு, அதாவது ஆர்னு வர்றதுக்கு, சாதாரணமா பழைய பேர், அம்புக்குறி, புதுப் பேர்னு வரும். -இசட்ல அம்புக்குறி கிடையாது, வரிசையும் தலைகீழ். புதுப் பேர் முதல்ல, பழைய பேர் அடுத்த பதிவா வரும். அதை ரெண்டு தனி ஃபைல்னு எண்ணிடப் போறான், சொல்லி வைங்க.